பசுவைப் பற்றிப் பத்து வரி

முதுகலைத் தமிழிலக்கியம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர்

பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு வால் உண்டு. அது நமக்குப் பால் தருகிறது. இந்தச் செய்திகளை எழுதாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டி வந்தவர் நம் கல்லூரியில் யாரேனும் இருந்தால் அவரைக் காண எனக்கு ஆவல். நானும் எழுதியவள்தான். ஆனால் எங்கள் வீட்டில் நின்ற பசுவுக்கு ஒற்றைக் கொம்பு. கறக்கப் போனால் உதைக்கும். அடுத்த வீட்டு வாழைக்கன்றுகளை ஒரே இரவில் தின்று தீர்த்து, இரண்டு குடும்பங்களை ஓராண்டு பேசவிடாமல் செய்த பெருமையும் அதற்கு உண்டு. இவற்றில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. கட்டுரைப் பசுவுக்கு இரண்டு கொம்பு இருந்தாக வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகளுக்குச் சொந்தமாக எழுத வரவில்லை என்று ஆசிரியர்களும் பெற்றோரும் குறைப்படுகிறார்கள். எழுத வராமல் இல்லை. நாம் கொடுக்கும் தலைப்புகளுக்குள் அவர்கள் நுழைய வாசல் இல்லை என்பதே என் கருத்து. வாசல் சிறியதாக, சற்றுக் கோணலாக, விளையாட்டாக இருந்தால் அவர்கள் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். இதை நான் நூல்களில் படித்து அறியவில்லை. ஒரு வீட்டுப் படிப்புரையில் இருபது பிள்ளைகளிடம் தோற்றுத் தோற்று அறிந்தேன்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாள். இடையில் ஏறத்தாழ 19 மாதம். ‘வீட்டுக் கல்வி’ என்பது அதுவரை பெருநகரத்துச் சில குடும்பங்களின் புதுமை என்றே நாம் எண்ணியிருந்தோம். அந்த 19 மாதமும் தமிழ்நாட்டின் ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் கற்ற குழந்தையே. சில வீடுகளில் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. சில வீடுகளில் கைப்பேசி நடத்தியது. இரண்டும் இல்லாத வீட்டில் அம்மா நடத்தினாள், அல்லது யாருமே நடத்தவில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைக் கொண்டு வந்தது. முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களுள் நம் குமரி மாவட்டமும் ஒன்று. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்றார்கள். இளங்கலை முதலாண்டில் இருந்த நானும் பெயர் கொடுத்தேன்.

தோவாளைப் பக்கம் ஒரு சிற்றூர். பெரும்பாலான தாய்மார்கள் பூக்கட்டுபவர்கள். எங்கள் வகுப்பு நடந்த வீட்டிலும் ஒரு மூலையில் பிச்சிப்பூக் குவியலைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பக்கம் நானும் பிள்ளைகளும். முதல் வாரம் நான் கொடுத்த தலைப்புகள் ‘என் பள்ளி’, ‘மழை’, ‘நான் விரும்பும் தலைவர்’. பிள்ளைகள் ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். “என்னத்தக்கா எழுத?” என்றான் ஒருவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கற்பனையைத் தூண்ட வேண்டும் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வர, இரண்டாம் வாரம் வானத்துக்குத் தாவினேன். ‘நீ மேகமாக மாறினால்?’ ஒரு சிறுமி எழுதியது முழுவதையும் இங்கே தந்துவிடலாம்: ‘மேகமாக மாறினால் மழை பெய்வேன்.’ அவ்வளவுதான். மேகமாக மாறியவளுக்கு அதற்குமேல் என்ன வேலை? ‘நீ முதலமைச்சரானால்?’ என்று கேட்டேன்; எல்லாரும் மரம் நட்டார்கள், சாலை போட்டார்கள். பசுவுக்கும் முதலமைச்சருக்கும் நடையில் வேறுபாடே இல்லை.

வழி திறந்தது தற்செயலாக. ஒருநாள் பிந்தி வந்த ஒரு பையனிடம் காரணம் கேட்டேன். வழியில் யானை நின்றதாகச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். கோபிக்க வேண்டிய நான் அன்று ஏனோ, “சரி, இன்று எல்லாரும் மூன்று வரி எழுதுங்கள். இன்று நீங்கள் செய்தது. இரண்டு வரி உண்மை, ஒரு வரி பொய். எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்” என்றேன். படிப்புரை அமைதியாகிவிட்டது. பொய் பிடிபடாமல் இருக்க வேண்டுமானால் உண்மை நம்பும்படி இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக அவர்கள் உண்மையைத் தேடிப் போனார்கள். யார் வீட்டில் எத்தனை மணிக்கு மோட்டார் போட்டார்கள், ஆச்சி எந்தக் கையால் வெற்றிலை மடித்தாள், பள்ளிச் சத்துணவில் முட்டை எந்த நிறத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்களும் பொய் கண்டுபிடிக்கச் சேர்ந்துகொண்டார்கள். விவரமாக எழுது என்று ஆயிரம் முறை சொன்னாலும் நடக்காத காரியத்தை ஒரு பொய் செய்து முடித்தது.

அன்று எழுதாமல் இருந்தவள் ஒருத்தி. நான்காம் வகுப்பு. அவள் எதையும் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் எழுதுவாள்; இல்லாவிட்டால் எழுத மாட்டாள். அவளுடைய பழைய ஏட்டைப் புரட்டியபோது காரணம் தெரிந்தது. ‘எனக்குப் பிடித்த பழம்’ என்ற தலைப்பில் ‘சக்கை’ என்று தொடங்கியிருந்தாள். சிவப்பு மை அதை அடித்து ‘பலாப்பழம்’ என்று திருத்தியிருந்தது. அடுத்த வரியில் மறுபடியும் சக்கை, மறுபடியும் சிவப்பு. நான்காவது வரியில் அவள் மாம்பழத்துக்கு மாறிவிட்டாள்.

திருத்தியவரை நான் குறை கூற மாட்டேன். அகராதியைப் பார்த்தால் சக்கை என்பது சாறு போன மிச்சம். மற்ற மாவட்டத்தார் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நாஞ்சில் நாட்டில் மரத்தில் காய்ப்பது சக்கைதான். காட்டில் காய்ப்பது அயினிச்சக்கை. கிழங்கு என்றால் மரச்சீனி. அந்தச் சொல்லை அடித்தபோது பழத்தோடு சேர்ந்து அவள் வீட்டு முற்றமும் அடிபட்டது.

இவ்வளவும் நடந்த பிறகுதான், தமிழ் படிக்கிற எனக்கு ஒரு வெட்கம் வந்தது. எழுதத் தூண்டும் விளையாட்டுக்கு நான் எங்கெங்கோ அலைந்தேன். அது நம் ஊர்ச் சரக்கு. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது வேறென்ன? கடைசி அடியை ஒருவர் தருவார். அதில் போய் முடியும்படி முன்னடிகளை மற்றவர் கட்ட வேண்டும். இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். அவருக்கு ஒருவர் குறும்பாக, துருக்கனுக்கு இராமன் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்தாராம். இசுலாமியராகிய பாவலர் திகைப்பார் என்பது எதிர்பார்ப்பு. அவரோ பரதனையும் இலக்குவனையும் வரிசையாகச் சொல்லி, முந்தைய அடியின் முடிவில் ‘சத்’ என்று நிறுத்தினாராம், துருக்கன் சத்துருக்கனாகிவிட்டான்! நம் பக்கத்தில் இன்றும் இதைச் சொல்லி மகிழ்கிறார்கள். இதில் நான் கவனிப்பது அவருடைய புலமையை மட்டும் அன்று. அவ்வளவு குறுகலான வாசலைக் கொடுத்ததால்தான் அந்த வேடிக்கை பிறந்தது. ‘இராமனைப் பற்றி ஒரு பாட்டு’ என்று கேட்டிருந்தால் நல்ல பாட்டு ஒன்று கிடைத்திருக்கும். நூறு ஆண்டு கழித்து நாம் சொல்லிச் சிரிக்கும் கதை கிடைத்திராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாவலர் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை அவர் கோட்டாற்றுச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தனியே கற்றார். 1876இல் தேரூரில் பிறந்த கவிமணியும் முதலில் மலையாளப் பள்ளியில் படித்தவர். அவருக்குத் தமிழ் சொன்னவர் சாந்தலிங்கத் தம்பிரான். 1956 நவம்பர் 1ஆம் நாள் நாம் தாய்த்தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர் ஆட்சியில் பலருக்கு இதுதான் நிலை. நம் காலத்துக்கு அருகில் வந்தால் சுந்தர ராமசாமி. சிறு வயதில் நோயால் பள்ளி நின்றுபோனவர். பதினெட்டு வயதை ஒட்டித்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். நாஞ்சில் நாட்டுத் தமிழ் பள்ளிக்கு வெளியே, மடத்திலும் திண்ணையிலும் நோய்ப்படுக்கையிலும் வளர்ந்த வரலாறு உடையது. ஆகவே வீட்டில் கற்ற பிள்ளைகளை ‘பின்தங்கியவர்கள்’ என்று மட்டும் பட்டியல் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஈற்றடிக்குத் துணையாக இன்னொரு பழைய வித்தையையும் எடுத்துக்கொண்டேன். உதடு ஒட்டாமல் பாடும் பாட்டுக்கு நிரோட்டகம் என்று பெயர். சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன்மீது ஓர் அந்தாதியையே அப்படிப் பாடியிருக்கிறார். துறவு அதிகாரத்தின் முதற் குறளும் உதடு ஒட்டாமல் சொல்லக் கூடியது. பிள்ளைகளிடம் இலக்கணம் பேசவில்லை. “உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய சொற்களை எழுதுங்கள்; ஒட்டினால் அவுட்” என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு, ஒரே ஆரவாரம். ‘அம்மா’ முடியாது. ‘அப்பா’வும் முடியாது. இதைக் கண்டுபிடித்தபோது சிறிய பையன் ஒருவன் உண்மையாகவே கலங்கிப் போனான். ஆனால் அக்கா முடியும், தாத்தா முடியும், அத்தை முடியும், ஆச்சி முடியும். பாட்டி முடியாது, எனவே ஆச்சி என்று அழைக்கும் வீட்டார் வென்றார்கள்.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள். “எக்கா, பலாப்பழம் ஒட்டுது. சக்கை ஒட்டல்ல” என்றாள். எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். உண்மைதான். சிவப்பு மையால் அடிக்கப்பட்ட சொல் அன்று ஆட்டத்தில் நின்றது. திருத்திய சொல் வெளியேறியது. நான் திட்டமிட்டுச் செய்ததாக யாரும் எண்ண வேண்டாம். அவ்வளவு கெட்டிக்காரியாக நான் இருந்திருந்தால் முதல் இரண்டு வாரத்தையும் வீணாக்கியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் ஈற்றடி. செய்யுளாக அன்று, கதைக்கு. ‘அதனால்தான் அன்று பூனை பள்ளிக்கூடம் போகவில்லை’ என்று பலகையில் எழுதினேன். இந்த வரியில் போய் முடியும்படி ஒரு கதை வேண்டும். ஒருவனுடைய பூனைக்குச் சீருடை நனைந்துவிட்டது. ஒருத்தியின் பூனை மீன்காரரின் பின்னால் போய் வழி தவறிவிட்டது. ‘அன்று ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான்’ என்று ஒரே வரியில் முடித்து விளையாடப் போன மேதாவியும் உண்டு. அவனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அந்தப் பெண் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். பூனை காலையில் சக்கை வெட்டியது. கையெல்லாம் பால் ஒட்டிக்கொண்டது. தேங்காயெண்ணெய் தேடினால் குப்பி காலி. அம்மா பூவைக் கொண்டு சந்தைக்குப் போயிருந்தாள்; விலை படியாததால் வரப் பிந்திவிட்டது. ஒட்டின கையோடு பூனை படிப்புரையில் உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூட மணி கேட்டது. அம்மா எண்ணெயோடு வந்தபோது மதியம் ஆகிவிட்டது. அதனால்தான்.

வாசித்து முடித்ததும் ஒரு பையன் கேட்டான்: “பூனை நக்கிக் களையலாமே? இல்லேன்னா ஒட்டின கையோடயே போகலாமே?”

அவள் சற்று யோசித்துவிட்டு, “பூனைக்கு ஒரு தம்பி உண்டு. அம்மா வர வரைக்கும் அவனை யார் பார்ப்பா?” என்றாள்.

பள்ளி திறந்தபின் அவள் வாரத்தில் இரண்டு நாள் போவதில்லை என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். படிப்பில் விருப்பமில்லாத பிள்ளை என்பது எல்லாருடைய முடிவு. என்னுடைய முடிவும் அதுதான். நான் அவளிடம் வேறொன்றும் கேட்கவில்லை. மூலையில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்களுள் அவள் தாயும் ஒருவர். கை நின்றுவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து சந்தைக்குப் போகும் நாள்களில் தம்பி அந்த வீட்டு ஆச்சியிடம் இருக்க ஏற்பாடாயிற்று. வருகை முழுமையாகச் சீராகிவிட்டது என்று நான் சொல்ல முடியாது. மல்லிகை விலை ஏறும் மாதங்களில் மறுபடியும் குறைந்தது. ஆனால் ‘ஏன் வரவில்லை’ என்ற கேள்விக்கு எந்தப் பெரியவரும் அவளிடமிருந்து பெற முடியாத பதிலை ஒரு பூனை பெற்றுத் தந்தது. ‘நான் ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை’ என்று தலைப்புக் கொடுத்திருந்தால் ‘காய்ச்சல்’ என்று எழுதியிருப்பாள்.

இக்கட்டுரையின் முதற்படியைப் படித்த விரிவுரையாளர் ஒருவர் என்னைக் கேட்டார்: “எழுத்தே கூட்டத் தெரியாத பிள்ளைக்கு இந்த விளையாட்டெல்லாம் எதற்கு? முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு வாக்கியம், அதன் பிறகுதானே கற்பனை?” நியாயமான கேள்வி. என் வகுப்பில் மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துத் தெரியாத இருவர் இருந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாங்கள் சொன்ன கதையாதலால் மறுநாள் அதை அவர்களே தடவித் தடவி வாசித்தார்கள். ஒருவன் தேறினான். மற்றவன் கதையை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு வாசித்ததாக என்னை ஏமாற்றினான். அவனுக்கு எழுத்தைப் பழைய முறையில் மணலில் எழுதித்தான் கற்பிக்க வேண்டியிருந்தது. விளையாட்டு எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் வாதிடவில்லை. ஒற்றுப்பிழை ஒற்றுப்பிழையே. அதைத் திருத்த வேறொரு நாள் வைத்துக்கொள்வோம் என்பதே என் வேண்டுகோள். எழுதிய அன்றே சிவப்பு மை வந்தால், பிழையோடு பிள்ளையும் போய்விடும்.

உலகில் வேறு சிலரும் இவ்வழியில் நடந்திருக்கிறார்கள். வழக்கறிஞர் தொழிலை விட்டுக் குழந்தைகளிடம் வந்த குஜராத்தின் கிஜுபாய் பதேகா, ‘பகல் கனவு’ என்று தமிழிலும் வந்துள்ள நூலில், நான்காம் வகுப்புக்குக் கதை சொல்லியே ஆண்டைத் தொடங்கும் ஓர் ஆசிரியரைக் காட்டுகிறார். இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரொதாரி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கதை கட்டச் சொன்னார். அவர் சொல்லும் எடுத்துக்காட்டு நாயும் அலமாரியும். கற்பனைக்கு இலக்கணம் வகுத்து 1973இல் அவர் ஒரு நூலே எழுதினார். படித்ததும் நான் இரண்டு பைகளில் சீட்டுப் போட்டுக் குலுக்கினேன். அம்மியும் ரயிலும் வந்தன. ‘நாகர்கோவில் சந்திப்பில் அம்மிக்கு டிக்கெட் கேட்டார்கள்’ என்று தொடங்கிய கதையை நான் இன்றும் வைத்திருக்கிறேன். அம்மியைத் தூக்கி வைக்க முடியாமல் ரயில் பிந்திப் புறப்பட்டது.

பிள்ளைகளோடு கிளியாந்தட்டு ஆடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோட்டை அழித்துவிட்டு, “எங்கு வேண்டுமானாலும் ஓடு” என்றால் யாரும் ஓட மாட்டார்கள், நின்றுவிடுவார்கள். ‘எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது’ என்பதும் அப்படித்தான். பெற்றோருக்கும் ஒரு சொல். வீட்டில் பிள்ளையை எழுத வைக்க நினைக்கிறவர்கள் தாமும் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். நான் என் பொய்யை எழுதி வாசித்த அன்றுதான் பிள்ளைகள் என்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். என் பொய் முதல் வரியிலேயே பிடிபட்டுவிட்டது என்பது வேறு செய்தி.

இனி நம்மிடம் வருகிறேன். நம்மில் பலர் அடுத்த ஆண்டு ஆசிரியப் பயிற்சிக்குப் போகவிருக்கிறோம். நாம் எழுதும் கட்டுரைகள் எப்படி இருக்கின்றன? நம் மலரின் பழைய இதழ்களைப் புரட்டினேன். ‘இளைஞரும் நாட்டு முன்னேற்றமும்’, ‘காலம் பொன் போன்றது’, ‘நூலகத்தின் பயன்’. இவற்றுள் ஒன்று நான் எழுதியது. எதுவென்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் நான்கு கால், இரண்டு கொம்பு. அம்மலர்களில் என் மனம் நின்ற இடம் ஒன்றுதான்: விடுதிச் சாம்பாரைப் பற்றி யாரோ எழுதிய அரைப்பக்கம்.

எனவே ஒரு காரியம் செய்திருக்கிறேன். மலர்க் குழுவின் இசைவோடு தமிழ்த்துறை வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறது. பக்கத்தில் ஓர் ஈற்றடி எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘அதனால்தான் அன்று பேராசிரியர் வகுப்புக்கு வரவில்லை.’ மாணவர்கள் எழுதலாம். பேராசிரியர்களும் எழுதலாம், அவர்களுக்குச் செய்தி கூடுதலாகத் தெரிந்திருக்கும். ஒரே நிபந்தனை, காய்ச்சல் என்று எழுதக் கூடாது. சக்கை என்று எழுதலாம்.